அவளுக்குத் தெரிய வேண்டாம்

கிளிநொச்சியில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் சிறியது. வயது போனவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டோடு இருந்தபடியே நீண்ட காலத்துக்கு என்னென்ன உதவி கிடைக்கும், அதை யாரிடம் கேட்க வேண்டும் என்று வழிகாட்டுவதுதான் எங்கள் வேலை. வருகிறவர்களில் அரைவாசிப் பேர் தங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்காக விசாரிக்க வந்ததாகச் சொல்லிவிட்டு, தங்கள் முழங்கால் நோவை விபரமாகச் சொன்னவர்களும் உண்டு.

அந்தத் தாயும் அப்படித்தான் வந்தார். எழுபதைக் கடந்தவர். கலியாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குளத்துத் தண்ணீர் பாயும் வயற்காணிக்குக் குடிவந்து, கணவரோடு சேர்ந்து வயல் செய்து, இப்போது கணவரும் இல்லாமல் ஒரே மகளோடு இருக்கிறார். மகளுக்கு ஐம்பது நெருங்குகிறது. சிறு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் இரண்டு காலும் வழங்காது, சக்கர நாற்காலிதான். மகளிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

குரலைத் தாழ்த்தி, “நான் கண்ணை மூடினாப் பிறகு இவளை ஆர் பாக்கிறது, பிள்ளை? எங்கையாவது நல்ல இடமா ஒண்டு பாத்து வையுங்கோ. அவளுக்குத் தெரிய வேண்டாம்,” என்றார்.

சொல்லமாட்டேன் என்று உறுதி சொன்னேன். புறப்பட்டவர் பையை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து எடுத்தார். பிறகு குடைக்காக ஒருமுறை வந்தார். மூன்றாம் தரம் வாசலில் நின்று, மகளுக்குக் காட்டக் கத்தரிக்காய் வாங்க வேண்டும், எந்தக் கடை கிட்ட என்று கேட்டார்.

அடுத்த கிழமை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அவரும் மெல்லிய குரலில்தான் கதைத்தார். வயது போனவர்களுக்கு வீட்டுக்கு வந்து உதவுகிற ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது, அடுப்பை எரியவிட்டுவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போகிறார், கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறார், இரண்டையும் தான் சத்தமில்லாமல் சமாளிப்பதாகச் சொன்னார். வீடு எங்கே என்று கேட்டேன். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெரிய வேம்பு நிற்கிற வளவு என்றார். பேனையைக் கீழே வைத்துவிட்டேன். தாயும் அதே பாலத்தையும் அதே வேம்பையும்தான் சொல்லியிருந்தார்.

“அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. தன்னால ஏலாதெண்டு நினைச்சா மனுசி இடிஞ்சு போயிடும்,” என்றார் மகள்.

சொல்லமாட்டேன் என்று அவருக்கும் உறுதி சொன்னேன்.

ஸ்கூட்டியில் நான் அங்கே போனபோது தாய் வாசலில் நின்று, என்னை வாழ்க்கையில் கண்டிராதவர் போல, ஆரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். நன்றாக நடித்தார். இந்தப் பகுதியில் வீடு வீடாக விபரம் எடுக்கிறோம் என்று நான் சொன்னது அவ்வளவு நன்றாக இல்லை. சக்கரக் கதிரையில் இருந்த மகள் தாய்க்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். மகள் திரும்பியதும் தாய் கண்ணைக் காட்டினார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் வேம்பைப் பார்த்தேன்.

தேநீர் வந்தது. தாய் சீனி போட்டுக் கலக்கினார். குசினிக்குள் போய்விட்டு வந்து, சீனி போடவில்லையே என்று மறுபடியும் போட்டார். மகள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் குடித்தார். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆனாலும் குடித்து முடித்தேன்.

பிறகு மகள் கட்டிலுக்கு மாற வேண்டியிருந்தது. தாய் கைகளை அவருடைய கக்கத்துக்குள் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். மகளோ கட்டில் விளிம்பில் ஒரு கையையும் கதிரைக் கையில் மற்றதையும் ஊன்றி, தன் பாரம் முழுவதையும் தானே தூக்கிக்கொண்டு போய் இருந்தார். தாய் களைத்துப்போய், பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தார். மகளும் அதே மாதிரிப் பார்த்தார்.

வவுனியாப் பக்கம் பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் ஒருவரை எடுத்தால் மற்றவர் சரிந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. ஆகவே பயிற்சி பெற்ற உதவிப் பெண் ஒருவரைக் காலையில் அனுப்ப ஒழுங்கு செய்தேன். இது மகளுக்காக என்று தாயிடம் சொன்னேன். தாய்க்காக என்று மகளிடம் சொன்னேன். அவளுக்கென்றால் வரட்டும், எனக்கு ஒன்றும் தேவையில்லை என்று தாய் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். மகளும் ஏறக்குறைய அதையே சொன்னார்.

உதவிப் பெண் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பலசாலி, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுகிறவர். நிலைமையை விளக்கியபோது, “எனக்கு நடிக்கல்லாம் வராதுங்க மிஸ்,” என்று முதலிலேயே எச்சரித்தார். நான்தான் கேட்கவில்லை.

அங்கே நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். குசினிக்குள் போனால் தாய், இங்கே என்ன வேலை, மகளைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்புவாராம். மகளிடம் போனால், எனக்கு என்ன, அம்மா அடுப்படியில் தனியே நிற்கிறா என்று திருப்பி அனுப்புவாராம். கொஞ்ச நாள் பந்து மாதிரி அங்கும் இங்கும் போய்வந்தவர், ஒரு காலையில் நடு வீட்டில் இருந்துவிட்டார். நீங்கள் ரெண்டு பேரும் மற்றவருக்குத்தான் என்று சொன்னால் நான் யாருக்குத்தான் வேலை செய்வது என்று கேட்டிருக்கிறார். அதோடு, யார் எதற்காக என்னிடம் வந்தார்கள் என்ற இரண்டு இரகசியமும் வெளியே வந்துவிட்டன.

அன்றே என்னை வரச்சொல்லி அழைப்பு வந்தது. தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என்னை எதிரே இருத்தினார்கள். படித்த பிள்ளை இப்படி ஆளுக்கொரு கதை சொல்லலாமா என்று தாய் கேட்டார். மகள் ஓம் என்று தலையாட்டினார். இருவரும் கேட்டதைத்தான் செய்தேன் என்ற என் வாதம் எடுபடவில்லை.

அதற்குப் பிறகுதான் மகள் தாயின் பக்கம் திரும்பினார். “என்னை எங்க கொண்டுபோய் விடப் பாத்தனீங்கள்?”

“விடேல்லை. நான் இல்லாத காலத்துக்கு,” என்றார் தாய்.

“நீங்கள் இல்லாத காலத்திலயும் இந்த வீடு இருக்கும்தானே. எனக்கு இடம் வேண்டாம் அம்மா. ஆள்தான் வேணும்.”

“அப்ப நான் ஆளில்லையோ? உன்னை ஒவ்வொரு நாளும் ஆர் தூக்கிறது?”

நடிக்க வராதவர் குசினி வாசலிலிருந்து சொன்னார்: “அக்கா அவங்க கையை ஊனித்தான் ஏறுறாங்க. நீங்க சும்மா புடிச்சிட்டு நிக்கிறீங்கம்மா.”

தாய் மகளைப் பார்த்தார். “எப்ப துடங்கி?”

“கன காலம்.”

தாய் அழப்போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் இடுப்பில் கையை வைத்து யோசித்தார். “அப்ப என்ர நாரி நோ எதால வந்தது?”

முதலில் சிரித்தது மகள்தான். சிரிப்பு முடிந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிறகு ஒளித்துச் செய்ய ஒன்றும் இல்லாததால் என் வேலை சுகமாகிவிட்டது. உதவிப் பெண் ஞாயிறு தவிர எல்லாக் காலையும் வருகிறார். அடுப்பைக் கதிரையிலிருந்தே எட்டக்கூடிய உயரத்தில் அமைத்தோம். இப்போது மகள்தான் சமையல். தாய்க்கு உப்புக் காணாது என்று முறைப்பாடு. மறதிக்காக அவரை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் வரவில்லை. இது குணமாகிற வருத்தம் இல்லை என்று மகளிடம் மருத்துவர் தொலைபேசியில் தெளிவாகவே சொன்னார். தாய் போன பிறகும் உதவி நிற்காமல் தொடர என்ன செய்ய வேண்டும் என்பதை மகளும் நானும் தாயை நடுவில் வைத்துக்கொண்டே பேசி முடித்தோம். அது தன் யோசனைதான் என்று தாய் சொல்கிறார். அதில் உண்மையும் இருக்கிறது.

போன மாதம் மகள் முதன்முறையாக ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கக் கூட்டத்துக்கு ஆட்டோவில் போனார், உதவிப் பெண்ணோடு. தாய்க்குத் துணையாக என்னை வந்திருக்கச் சொன்னார்கள். மகள் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் தாய் இரண்டு தரம் முற்றம் கூட்டினார். பிறகு மகளின் கட்டிலில் சும்மா இருந்து பார்த்தார், சாய்ந்தார், குறட்டை விட்டு நித்திரை கொண்டார். ஆட்டோச் சத்தத்தில் எழும்பி, தான் கண்ணே மூடவில்லை என்று மகளிடம் சொன்னார். மகள் என்னைப் பார்த்தார். ஓம், மூடவில்லை என்றேன்.