எழுதிய பிறகே எடு

தொண்ணூறுகளின் நடுவில் மலேசியாவின் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவன் நான். ரந்தாவ் பக்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன், லாரியில் உதவியாளாக ஓடினேன், சி ரூசாவில் ஓட்டல் தட்டு கழுவினேன். எதிலும் நிலைக்கவில்லை. மாலை வகுப்பில் கொஞ்சம் கம்ப்யூட்டர் கற்றிருந்ததால் இங்கே கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்தார்கள்.

பெட்டி கட்டும் லைனில் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்ததும் ஒரு செய்தி வந்து கம்ப்யூட்டரில் வரிசையில் காத்திருக்கும். நான் ஓட்டும் புரோகிராம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து டேட்டாபேஸில் எழுதும். பெட்டிகள் உடனே லாரி ஏறிவிடும். திரும்ப எண்ண வழியில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஓடியது ஒரே ஒரு லைன்தான். அதில் மட்டும் கட்டக் கொடுத்ததைவிடக் கணக்கில் பெட்டிகள் குறைந்தன. பழி அங்கே பெட்டி கட்டும் அக்காவின் மேல் விழுந்தது. தினமும் வாசலில் காவலாளி அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தார். சனிக்கிழமை விசாரணை என்றார்கள். வேலை போய்விடும் என்று பேச்சு.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்றாரு சூப்பர்வைசர். அப்ப நான்தான் திருடி லா, தம்பி?" என்று கேண்டீனில் கேட்டார். நேரே கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பினேன்.

புரோகிராம் செய்வதைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் அதுவரை அது தொடங்கியதும் நின்றதும் மட்டுமே பதிவாகும். செய்தியை எடுத்தால் ஒரு வரி, டேட்டாபேஸில் எழுதினால் ஒரு வரி என்று மாற்றினேன். மறுநாள் அச்செடுத்து வரிவரியாகப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் டேட்டாபேஸை நகல் எடுப்பார்கள்; அப்போது அதில் எதுவும் எழுத முடியாது. அந்த நேரத்தில் எடுத்த வரி இருந்தது. எழுதிய வரி இல்லை. எடுத்ததுமே வரிசையிலிருந்து செய்தி போய்விடுவதால், பெட்டிக் கணக்கு அங்கேதான் தொலைந்திருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவரும் தோட்டத்தில் பால் வெட்டியவர்.

"தோட்டத்துல கிராணி கணக்குல எழுதாம எவளாச்சும் பாலைத் தொட்டியில ஊத்துவாளா? ஒங்க மெஷினுக்கு அதுகூடத் தெரியல!" என்றார்.

அதையே மெஷினுக்குச் சொன்னேன். எழுதி முடித்த பிறகே வரிசையிலிருந்து செய்தியை நீக்க வேண்டும், எழுத முடியாவிட்டால் பொறுத்து மறுபடி முயல வேண்டும் என்று செட்டிங்கை மாற்றினேன். முதலில் புரோகிராம் கிளம்பவே இல்லை. பிறகு ஒரே பெட்டியை இரண்டு முறை எழுதியது. பெட்டி எண் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடும்படி செய்தேன்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே டேட்டாபேஸ் கேபிளைப் பிடுங்கினேன்.

"டேய், என்னடா பண்றே!"

"கொஞ்சம் பாருங்க சார்."

திரையில் வரிசை நீண்டுகொண்டே போனது. கேபிளைச் செருகியதும் ஒன்று விடாமல் டேட்டாபேஸில் ஏறியது. லாக் காகிதத்தையும் நீட்டினேன். நெடுநேரம் படித்தார். மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை விசாரணை நடக்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. அன்று மாலை காவலாளி அக்காவை நிறுத்தாமல் போகச் சொன்னார். அக்கா தானே நின்று பையை விரித்துக் காட்டினார். "நல்லாப் பாத்துக்குங்க அண்ணே, சோத்து டப்பாதான்!"

அதன் பிறகு எத்தனையோ வேலை மாறிவிட்டேன். எங்கே கணக்குக் குறைந்தாலும், ஆளைச் சோதிக்கும் முன் மெஷினைச் சோதிக்க வேண்டும் என்று நிற்கும் பிடிவாதம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.