ஒரு வாரம் அறுபடாமல்

கேட்வே உருவாக முக்கால் மணி நேரம் ஆகும் என்று திரையில் போட்டிருந்தது. எங்கோ இருக்கிற கிளவுட் சர்வர்களுக்கும் மேற்கு தாம்பரத்தில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு தனி வழி போடவேண்டும். அந்த வழியை டனல் என்போம்; அதற்கு வாசல் இந்த கேட்வே. கையால் தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஆச்சா தம்பி?" என்றார் அண்ணா. இருபத்திரண்டு வருடமாக எங்கள் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர். சிட்லபாக்கத்திலிருந்து டிபன் பாக்ஸும் ஒரு நீள நோட்டுமாக எட்டரைக்கே வந்துவிடுவார்.

"முக்கால் மணி நேரமாகும்ணா."

"அவ்ளோ நேரமா? அதுக்குள்ள சாப்ட்டு வந்துரலாம், வா."

அவர் வீட்டு மீன் குழம்பு. ருசி எதுவும் நினைவில்லை. அன்று காலையில்தான் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார்: "டனல் ஒரு வாரம் அறுபடாம நின்னா போதும், எல்லாத்தையும் கிளவுட்டுக்கு மாத்திட்டு சர்வர் ரூமை மூடிடலாம். அவருக்கு லெட்டர் ரெடி. நீங்க எதுவும் சொல்லிக்காதீங்க."

சரி சார் என்று சொல்லியிருந்தேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அண்ணா ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. மகள் நர்ஸிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவர் வைத்த இரண்டாவது மீன் துண்டையும் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். கை அலம்பும்வரை வரவில்லை.

டனல் அன்றே பச்சை காட்டியது. மூன்றாம் நாள் பதினொரு மணிவாக்கில் அறுந்தது. இரண்டு பக்கமும் ரகசியச் சாவி ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒன்றுதான். கேட்வேயை ரீசெட் செய்தேன், சரியாகிவிட்டது. நம் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மறுபடி போனது. வியாழக்கிழமை மறுபடி. ஒவ்வொரு முறையும் ரீசெட், ஒவ்வொரு முறையும் வந்தது, ஒவ்வொரு முறையும் ஏன் என்று தெரியவில்லை.

அறுந்தபோதெல்லாம் ஒரு வாரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் எரிச்சலும் இல்லை, நிம்மதியும் இல்லை. அண்ணாவுக்கு இன்னும் ஏழு நாள் என்று மட்டும் மனதில் ஓடும், காலண்டரில் தாள் கிழிக்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூஞ்சியே சரியில்லையே. எத்தனை மணிக்குப் போச்சு, சொல்லு."

"செவ்வாய் பதினொன்னு பத்து. வியாழன் மூணு இருபத்தஞ்சு."

அவர் நோட்டைத் திறந்தார். தெருவில் எப்போது கரண்ட் போனாலும் அதில் எழுதிவிடுவார். பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பைக் கத்தரித்து ரூம் கதவில் ஒட்டுவதும் அவர்தான். நாங்கள் அதற்காக அவரைக் கிண்டல் செய்வதுண்டு.

"செவ்வா பதினொன்னு அஞ்சு, கரண்ட் கட். வியாழன் மூணு இருவது. கால்வா தோண்டறவங்க கரண்ட் கேபிளை அறுத்துட்டாங்க."

"நமக்குத்தான் யூபிஎஸ் இருக்கேண்ணா?"

"நமக்கு இருக்குப்பா. கம்பத்துல தொங்குற இன்டர்நெட் பெட்டிக்கு? அஞ்சு நிமிஷத்துல முதல் லைன் செத்துரும். நம்ம ரூம்ல இருக்கற பெட்டி தானா ரெண்டாவது லைனுக்கு மாறிக்கும். அந்த லைன் அட்ரஸை உன் கேட்வேக்குச் சொல்லிக் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. முதல் லைனின் முகவரி மட்டும்தான் அதற்குத் தெரியும். எங்கள் பெட்டி வேறு முகவரியிலிருந்து வந்து கதவைத் தட்டியதும், யாரோ என்று கேட்வே சும்மா இருந்திருக்கிறது. நான் ரீசெட் செய்து முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும். கைராசி எல்லாம் இல்லை.

அந்த இடத்தில், அது இருக்காதுண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ஆனால் அவர் அதற்குள் நோட்டின் பின்னட்டையைப் பார்த்து இரண்டாவது முகவரியை எண் எண்ணாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அடித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

புதிதாக ஒரு மெஷின் வந்தால் அண்ணா அதன்மேல் கை வைத்து ஜெபம் செய்வார். ஆயுத பூஜைக்கு நாங்கள் பொட்டு வைக்கும்போது சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்பவரும் அவரே. "இதுக்கு எங்கப்பா கை வைக்கிறது?" என்று சுற்றிப் பார்த்துவிட்டு என் லேப்டாப் முதுகில் வைத்தார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பி ரொம்ப நாளா கஷ்டப்படறான். இந்த வேலை நல்லபடியா நிக்கணும்."

ஆமென் என்றேன்.

நின்றது. நடுவில் இரண்டு முறை கரண்ட் போயும் ஏழு நாள் அறுபடவில்லை. எட்டாம் நாள் அவருக்கு லெட்டர் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், காய்ச்சல் என்று சொல்லி மாடம்பாக்கம் வீட்டிலேயே இருந்துவிட்டேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போனபோது சர்வர் ரூம் பூட்டியிருந்தது. நீள நோட்டு என் மேஜைமேல் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் காலை போன் வந்தது.

"தம்பி, பேப்பர் பாத்தியா? நாளைக்கு ஆபீஸ் தெருவுக்கு ஷட்டவுன். ஒம்போதுலேந்து ரெண்டு வரைக்கும். லைன் மாறும், கொஞ்சம் பாத்துக்கோ."

இனி யாரும் பார்க்கவேண்டியதில்லை, அது தானாக மாறிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாதா? மாற வைத்ததே அவர்தானே.

"பாத்துக்கறேண்ணா."

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்னாங்களே, இப்ப பரவால்லையா?"

அன்று கை அலம்பும்வரை வராதது இப்போது வந்தது. இத்தனை நாளில் அதுதான் முதல் முறை.

"பரவால்லண்ணா" என்றேன்.

மறுநாள் ஒன்பதுக்கு முன்பே திரைமுன் உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் லைன் மாறி, டனல் மறுபடி பச்சை காட்டியது. எனக்கு வேலை எதுவும் இல்லை. அவருடைய நோட்டைத் திறந்து, அவர் கடைசியாக எழுதியிருந்த வரிக்குக் கீழே எழுதினேன்: ஒன்பது நாலு, கரண்ட் கட்.