காப்பியன் கடல்

பூகோளப் படம் விற்கிறவனுக்கு உலகம் என்பது சைக்கிள் கேரியரில் கட்டிய ஒரு நீளச் சுருள். மழை வந்தால் முதலில் நனைவதும் அதுதான். வாசல் வாசலாக ஏறி இறங்கிய விற்பனைக்காரர்களே, உங்களுக்கு இது புரியும். மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிதில் மலாக்காவில் தமிழில் அச்சிட்ட உலகப் படம் விற்றேன். "மாசம் முடியறதுக்குள்ள இந்தக் கட்டு தீரணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க" என்றார் முதலாளி.

கடலா, ஏரியா?

காஜா பெராங்கில் ஒரு தலைமையாசிரியர், காஸ்பியன் கடல்மேல் விரலை வைத்தார். "சுத்திலும் கரை. இது ஏரிதானே?"

தண்ணீர் உப்பு என்றேன். வோல்கா முதலான ஆறுகள் வந்து விழுகின்றன, வெளியேற வழியில்லை, அத்தனை பெரிதாக இருப்பதால் கடல் என்றே சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் படத்தைப் பொறுமையாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"கடலா ஏரியான்னு அவங்க முடிவு பண்ணட்டும். அப்புறமா வாங்க."

துறைமுகம்

ஜாலான் துக்காங் எமாஸில் மசாலாக் கடை வைத்திருந்த ராவுத்தர், அதே இடத்தைக் காட்டி, "இங்க எந்தத் துறைமுகத்துல சரக்கு இறக்கலாம்?" என்றார். நம் கப்பல் அங்கே போக முடியாது பாய் என்றேன்.

"கப்பல் போகாத கடலுக்கு எதுக்கு தம்பி இத்தனை நீல மை?"

பிழை

வெறுத்துப்போய் பண்டார் ஹிலிரில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் படத்தை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்: "காப்... பியன் கடல்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சுக் கோத்தவர் 'ஸ்' போடவேண்டிய இடத்தில் 'ப்' போட்டிருந்தார். அத்தனை நாளும் நானே கவனிக்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றைத் தன் கடைச் சுவரில் மாட்டி, ஒரே ஒரு படத்தை மட்டும் என்னிடம் விட்டு, மற்ற எல்லாவற்றையும் கூட்டாளிகளின் கடைகளுக்கென்று வாங்கிக்கொண்டார்.

"எழுத்த மட்டும் திருத்திடாதீங்க, அண்ணே!"

பெயர்

கடைசிப் படத்தை வாங்கியவர் காஜா பெராங்கில் ஒரு மலாக்காச் செட்டி அம்மாள். அவர்களுடைய முன்னோர் பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாய் பேசத் தொடங்கியவர்கள்; அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயில்தான் பேசினோம். சுவர் விரிசலை மறைக்க அவருக்கு ஏதாவது படம் வேண்டும். இருந்தாலும் அந்த நீலத் திட்டின் பெயரை நான் படித்துச் சொன்னதும், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். அதன் கரையில் முன்பு காஸ்பி என்ற மக்கள் இருந்தார்கள், அவர்கள் போய்விட்டார்கள், பெயர் நின்றுவிட்டது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்களையும் செட்டிங்கிறாங்க. எந்த வீட்டுல வட்டிக்கடை இருக்கு? பேர விடு, விரிசல் மறையுதா பாரு."

கடற்கரை ஊரில், யாருமே பார்த்திராத இன்னொரு கடலைக் காட்டி வேலையைக் காப்பாற்றிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.