புல்புல் தாராவுக்கு வெற்றிலை

நான் மேடையில் புல்புல் தாரா வாசித்தவன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். பரண்மேல் கிடக்கும் அந்த நீளப் பெட்டிதான் அது. அடியில் கம்பிகள், மேலே டைப்ரைட்டரில் இருப்பதுபோல் பொத்தான்கள். இடது கையால் பொத்தானை அழுத்தி, வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் பழகும் நேரத்தில்தான் பக்கத்துப் போர்ஷன்காரர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவார். அவர் விழித்துக்கொள்ளக் கூடாதென்று, கடையில் மிஞ்சும் துண்டுத் துணியை மடித்து ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் செருகியிருந்தேன்.

ஒரு மெல்லிசைக் குழு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "மயிலாப்பூர்ல ஒரு ரிசப்ஷன். நல்லா வாசிச்சின்னா குழுவுலயே இருந்துக்கோ. இல்லேன்னா அக்கார்டியன்காரன் ரெடியா கீறான்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பந்தலில் கணீரென்று கேட்கவேண்டுமே என்று, செருகியிருந்த துணியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இரண்டே மைக். ஒன்று பாடகருக்கு, இன்னொன்று எங்கள் எல்லோருக்கும். முதல் பாட்டில் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டினார். ஒலிபெருக்கி 'கீ' என்று அலறியது. விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் அவசரமாகக் குறைத்துவிட்டு, மைக்கை என் பெட்டிக்கு நேர்மேலே கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த பாட்டில் என் முறை வந்தது. டக், டக், டக். கம்பியின் நாதம் எங்கோ கிடந்தது. பொத்தான் சத்தம்தான் தெருக்கோடிவரை போயிற்று.

"இன்னா நைனா, கல்யாணத்துல வந்து லெட்டர் அடிச்சிக்கினு கீற?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"மாப்பிள்ளைக்கு வேலை ஆர்டர் அடிக்கிறாரு மச்சி! இன்னிலேர்ந்து டூட்டி!" என்றது இன்னொரு குரல்.

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்.

மாஸ்டர் ஆர்மோனியத்தை விடாமல் என் பக்கம் குனிந்தார். "அடுத்த பாட்டுல உனக்கு வேலையில்ல. அதுக்கடுத்தது உன் பிட்லதான் ஆரம்பிக்குது. அதுலயும் டைப் அடிச்சே, பெட்டிய மூடிக்கினு போய்க்கினே இரு."

ஒரு பாட்டு நேரம்தான் இருந்தது. துணி வேண்டும். கைக்குட்டையைப் பல்லால் கடித்து இழுத்தேன். கடையில் நானே தேடி எடுத்த கெட்டித் துணி, கிழியவே மாட்டேனென்றது. அப்போதுதான் எங்கள் குழுவுக்காக வைத்திருந்த தாம்பாளம் கண்ணில் பட்டது. கொழுந்து வெற்றிலை, அடுக்காக.

காம்பைக் கிள்ளி, நாலாக மடித்து, முதல் பொத்தானின் அடியில் செருகினேன். கனம் அதிகமாகிவிட்டது, பொத்தான் கம்பியைத் தொடவே இல்லை. இரண்டாக மடித்தேன். சத்தமில்லாமல் இறங்கியது. பிறகு வரிசையாகச் செருகிக்கொண்டே போனேன். விரலெல்லாம் பச்சை. பாடகர் கடைசி அடியைத் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார். எட்டாத கோடியிலிருந்த இரண்டு பொத்தான்களை அப்படியே விட்டுவிட்டேன். அவற்றைத் தொடாமல் வாசித்துவிடலாம் என்று நம்பிக்கை.

மாஸ்டர் தலையசைத்தார். மீட்டினேன்.

கம்பி மட்டும் பேசியது. பின்வரிசையிலிருந்து யாராவது கத்துவார்கள் என்று காத்துக்கொண்டே வாசித்தேன். ஒரு குழந்தை அழுதது, அவ்வளவுதான். நடுவில் கை தவறி ஒருமுறை 'டக்' என்றது. மைக்செட்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பாடகர் பாட்டை எடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பாடு முடிந்து மாஸ்டர் தாம்பாளத்தைத் தடவினார். பாக்கும் சுண்ணாம்பும்தான் கையில் பட்டன.

"இன்னாய்யா, வெத்தல அத்தினியும் நீயே துன்னுட்டியா?"

"துணி இல்ல மாஸ்டர்" என்று பெட்டியைத் திறந்து காட்டினேன். கசங்கிய வெற்றிலைகள் பொத்தான்களுக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை உருவினார், வேட்டியில் துடைத்தார், சுண்ணாம்பு தடவினார்.

"ஞாயித்துக்கிழம சாந்தோம்ல கச்சேரி. துணி எடுத்துக்கினு வா" என்று சொல்லிவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டார்.