இடுப்புக்கு ஒரு டபுள் பார்

போன கிழமை இந்தப் பத்தியை நானே சைக்கிள் ஓடி வந்து பத்திரிகைக் கந்தோரில் கொடுத்தேன். இதிலென்ன புதினம் என்கிறீர்களா? எட்டு மாதமாக என் மனைவி சாந்தா பெடலில், நான் கரியரில். 'பள்ளம் பாரும், மாடு பாரும்' என்று பின்னாலிருந்து வழி சொல்வது மட்டும் என் வேலை. கிளிநொச்சிச் சந்தையே பார்த்துச் சிரித்த ஊர்வலம் அது!

குற்றவாளி என் இடுப்பு. அங்கே முள்ளந்தண்டு எலும்பு தேய்ந்து நரம்பை நெரிக்கிறதாம். கொஞ்சத் தூரம் நடந்தாலே கால் விறைத்துவிடும். இனிச் சைக்கிளே ஓடமாட்டேனோ என்று உள்ளுக்குள் பயந்து செத்தேன்.

பயணத்துக்குப் பாஸ் எடுத்து, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி, கொழும்பு போய்ச் சேர்ந்ததே பாதி ஒப்பரேசன். அங்கே டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, நெரிக்கிற எலும்பை மட்டும் செதுக்கி நரம்புக்கு இடம் விடுவது. மற்றது, செதுக்கிய பிறகு எலும்புகளை ஆணியும் கம்பியும் வைத்துப் பூட்டிவிடுவது.

நான் யோசிக்கவே இல்லை. ஆணி வைப்பதையே செய்யுங்கோ என்றேன். பின்னே? நெல்லு மூட்டை ஏற்றுவதற்காகச் சைக்கிளுக்கு இன்னொரு இரும்புப் பார் ஒட்டுவித்து 'டபுள் பார்' ஆக்குகிற ஊர்க்காரன் நான். இரும்பு கூடினால் பலம் கூடும் — எங்களுக்கு இது பிறவி ஞானம் அல்லவா?

டொக்டர் சிரித்தார். எலும்பு விலகி ஆடினால்தான் ஆணி வேண்டுமாம்; என்னுடையது ஆடவில்லை. பூட்டினால் வெட்டும் பெரிது, தேறவும் கனநாள் எடுக்கும், பூட்டின இடம் வளையாது. செதுக்கினால் கெதியாக எழும்பலாம். ஆனால் பிறகு எலும்பு ஆடத் தொடங்கினால் திரும்பவும் வெட்ட வேண்டி வரலாம்... அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

எனக்கு இன்னும் ஆணியில்தான் கண். கூட வந்திருந்த சாந்தா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதைச் செய்தால் இவர் கெதியாச் சைக்கிள் ஓடுவார், டொக்டர்?"

செதுக்கினார்கள். விறைப்புப் போய்விட்டது. கடைசியாகக் காட்டப் போனபோது, சைக்கிள் ஓடலாம், ஆனால் பாரம் ஏற்றக்கூடாது என்றார் டொக்டர். எனக்கு முகம் செத்துப்போயிற்று. எட்டு மாதம் என்னைச் சுமந்தவளை ஒரு நாளாவது கரியரில் ஏற்றிச் சந்தையைச் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். வெளியே வந்ததும் அதைச் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை விடுங்கோ. எனக்குப் பாரமாயிருந்தது உங்கட நிறையே? பின்னால இருந்து வழி சொன்ன கதையெல்லோ!"