லீவுக்குத் தள்ளிவைத்த வலி

திண்டிவனத்தில் மயிலம் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் அம்சவள்ளியின் வீட்டைக் கதவு எண் சொல்லி யாரும் தேடுவதில்லை. மிலிட்டரிக்காரர் வீடு என்றால் போதும், கை காட்டிவிடுவார்கள். மிலிட்டரிக்காரர் தென்னரசு அந்த வீட்டில் இருப்பது வருஷத்துக்கு இரண்டு மாதம், அதுவும் பிரித்துப் பிரித்து. மற்ற நாளெல்லாம் அங்கே இருப்பது அம்சவள்ளியும், ஒன்பதாவது படிக்கும் ரோஜாவும், நாலாவது படிக்கும் சித்தார்த்தனும், லீவுக்கென்று ஒதுக்கி வைத்த வேலைகளும்தான்.

பின்கதவு மழையில் ஊறி மூடமாட்டேன் என்கிறது. லீவில் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் மோட்டார் சத்தம் சரியில்லை. லீவில். ரோஜாவுக்குக் கணக்கு டியூஷன் மாற்ற வேண்டும். அவங்கப்பா வரட்டும். இல்லாத மனிதனுக்கும் இந்த வீட்டில் வேலை இருக்கிறது என்று காட்டுகிற மரியாதையாகத்தான் இது ஆரம்பித்தது. போகப்போக அதுவே பழக்கமாகிவிட்டது.

கல்யாணமான புதிதில் அவள் ஜலந்தரில் குவார்ட்டர்ஸில் இருந்தாள். வெண்டைக்காய்க்குப் பேரம் பேசுகிற அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டாள். தென்னரசுவை எல்லைப் பக்கம் மாற்றினார்கள். அங்கே குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. கைக்குழந்தை ரோஜாவோடு ஊர் திரும்பினாள். அதற்குப் பிறகு காய்ச்சல், பள்ளிக்கூடம், கரண்ட் ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு நெரிசல் எல்லாம் அவள் பாடு. தெருக்காரர்களுக்கோ மிலிட்டரி என்றால் கேன்டீன் சரக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும்.

"அண்ணி, கேன்டீன் போனா என்னை மறந்துடாதீங்க" என்பான் எதிர்வீட்டுக் குமரேசன், வாரம் தவறாமல்.

"மறக்கலப்பா. சோப்பு வாங்கியாறேன், மொதல்ல குளி" என்பாள்.

அவள் லீவுக்குத் தள்ளிவைத்தவற்றில் தன் வயிறும் இருந்தது.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும். முதுகு வரை போகும். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "பித்தப்பை முழுக்கக் கல்லு. எடுத்துடணும்மா" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு லீவுல வருவாருங்க. அப்ப வச்சிக்கலாம்."

அப்படி அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சித்தார்த்தன் பிறக்கும்போது வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அது வேறொரு ஆஸ்பத்திரி. புருஷன் கையெழுத்து வேண்டும் என்று அங்கே பிடிவாதம் பிடித்தார்கள். தென்னரசுவின் போன் கிடைக்கவில்லை. வாசலில் மாமனார் கெஞ்சுவதும் யாரோ அதட்டுவதும் தள்ளுவண்டியில் படுத்திருந்தவள் காதில் விழுந்தன. கடைசியில் மாமனார் கையெழுத்தே போதும் என்று வாங்கிக்கொண்டார்கள். இப்போது அந்த மாமனாரும் இல்லை. கட்டிய கணவன் வந்து கையெழுத்துப் போடாமல் ஒரு பெண்ணின் வயிற்றில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள் என்பது அவள் மனதில் சட்டமாகப் பதிந்துவிட்டது. அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாகவே அது தோன்றவில்லை.

அடுத்து வந்த லீவு, திருவாமாத்தூரில் மாமியார் வீட்டுக்குத் தளம் போடுவதில் போயிற்று. அதற்கடுத்த லீவில் தென்னரசுவின் சித்தப்பா இறந்து, காரியம் முடிவதற்குள் அவன் ரயில் ஏறும் நாள் வந்துவிட்டது. வலியைப் பற்றி அவனிடம் அவள் சொன்னதெல்லாம் "லேசா கேஸ் டிரபுள்" மட்டும்தான். துப்பாக்கியோடு நிற்கிறவனிடம் போனில் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்று குவார்ட்டர்ஸில் மூத்த பெண்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இந்த வருஷம் வைகாசியில் லீவு என்றான். ஆபரேஷனை முடித்துவிடுவது என்று அம்சவள்ளி உறுதியாக இருந்தாள். ஆனால் அந்த லீவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. நாத்தனார் மலர்விழியின் மகளுக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் காது குத்த வேண்டும். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தென்னரசு ஒரே மாமன். மலர்விழி பத்திரிகை அடித்து, சீருடையில் அண்ணன் நிற்கிற படம் போட்டு பேனருக்கும் சொல்லிவிட்டாள்.

காதுகுத்து முடிந்த மறுவாரம் ஆபரேஷன் என்று அம்சவள்ளி மனதுக்குள் வைத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

"எல்லாருக்கும் லீவு நிறுத்திட்டாங்க அம்சா. எப்ப விடுவாங்கன்னு தெரியல."

"பரவால்லைங்க" என்றாள், விலாவை அழுத்திக்கொண்டு.

"மலருகிட்ட நீயே சொல்லிடு. எங்கிட்ட அழுவா."

அந்த வேலையும் அவளிடம் வந்தது.

மலர்விழி போனில் அழவில்லை. மறுநாள் காலையிலேயே விக்கிரவாண்டியிலிருந்து பஸ் ஏறி நேரே அடுப்படியில் வந்து நின்றாள். பையில் அண்ணிக்காக மல்லாட்டை, புது வேர்க்கடலை, இருந்தது. முகத்தில் சண்டை இருந்தது.

"பேனர் அடிச்சாச்சு அண்ணி! துப்பாக்கியோட அண்ணன் நிக்குது. இப்ப பாப்பாவ யாரு மடியில உக்கார வைக்கிறது, பேனர் மடியிலயா?"

"நானா லீவு குடுக்கறேன்? என்னைக் கேக்கறே."

"நீ கறாரா சொல்லியிருந்தா அண்ணன் எப்படியாச்சும் வந்திருக்கும். நீதான் எல்லாத்துக்கும் பரவால்ல பரவால்லன்னு சொல்லிக்கினு இருக்கியே. பெரிய பேஜாரா போச்சு."

அம்சவள்ளி பதில் சொல்ல வாயெடுத்தாள். விலாவில் வலி பிடித்து இழுத்தது. அடுப்பு மேடையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் வாந்தி எடுத்தாள். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"என்னா அண்ணி இது?"

"கேஸு."

"கேஸுக்கு எவளாச்சும் இப்படிச் சுருண்டு கெடப்பாளா? எந்திரி. ஜல்தியா கெளம்பு."

பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள, திருவாமாத்தூரிலிருந்து தன் அம்மாவை வரச்சொல்லி போன் போட்டாள் மலர்விழி. ஒரு வாடகைக் காரைப் பிடித்து, விழுப்புரம் போகிற வரை அண்ணியின் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். காதுகுத்துப் பற்றி வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் இந்த முறை தேதி எதுவும் கேட்கவில்லை. பித்தப்பை வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்சவள்ளி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு முடியாதுங்க சிஸ்டர். வலிக்கு ஊசி போட்டு அனுப்பிடுங்க. அவரு ஊர்ல இல்ல."

"அவரு எதுக்கு?"

"கையெழுத்துப் போடணுமே."

நர்ஸ் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "உங்க ஆபரேஷனுக்கு நீங்கதாம்மா கையெழுத்துப் போடணும். கூட ஒரு ஆள் இருந்தா போதும். அதான் இவங்க இருக்காங்களே."

"நானே போடலாமா?"

"உங்க வயிறுதானே."

"அப்ப முன்னாடியே போட்டிருக்கலாமா?"

"எப்ப வேணா போட்டிருக்கலாம்."

அம்சவள்ளி எண்ணிப் பார்த்தாள். வலியோடு எழுந்து டிபன் கட்டிய காலைகள், வலியோடு நின்றுகொண்டே வந்த பஸ்கள், தலையணையை வயிற்றில் அணைத்துப் படுத்த இரவுகள். அதில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை. அழுகை வரும்போல இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"பேனா குடுங்க" என்றாள்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தாள் மலர்விழி.

"எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லு. இப்ப சொன்னா அங்க அவரு சோறு திங்கமாட்டாரு."

மறுநாள் சாயங்காலம் மலர்விழி வீடியோ கால் போட்டாள். திரையில் தென்னரசுவின் முகம் நின்று நின்று வந்தது. விஷயத்தைத் தங்கையிடமிருந்து கேட்டுவிட்டு, மனைவியைக் காட்டச் சொன்னான்.

"இவ்ளோ நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா லீவு கேப்பீங்க. குடுக்கமாட்டாங்க. அங்க ஒருத்தர், இங்க ஒருத்தின்னு ரெண்டு பேரும் படுத்துக்கினு இருக்கணுமா?"

"நான் வர்ற வரைக்கும் எதுக்குத் தள்ளிப்போட்டே?"

நீங்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்தேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூச்சு இழுத்தால் தையல் பிடித்தது.

மலர்விழி நடுவில் தலையை நீட்டினாள். "அண்ணியைக் கேள்வி கேக்காத. காதுகுத்தையும் நிறுத்தியாச்சு. பாப்பா காது எங்கயும் ஓடிப் போவாது, நீ வர்றப்ப குத்திக்கலாம்."

"அம்சா, கேக்குதா?" என்றான் தென்னரசு.

"கேக்குது. தூக்கம் வருதுங்க."

"தூங்கு."

அவள் கண்ணை மூடினாள். உடனே மூச்சு சீராயிற்று. மலர்விழி போனை வைக்கப் போனாள்.

"வைக்காத மலரு. அப்படியே புடி. பாத்துக்கினு இருக்கேன்."

"கை வலிக்குதுண்ணா."

"கொஞ்ச நேரம்" என்றான்.

மலர்விழி கையை மாற்றிப் பிடித்தாள்.