சுவரைத் தள்ளிய நாட்கள்

இரண்டாவது பிள்ளை பிறந்த சில மாதங்களில் எனக்கு டைபாய்டு வந்தது. ஐம்பதுகளின் நடுவில், திருக்கோகர்ணத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தபோது என் கைகள் வேறு யாருடையவோ போல இருந்தன. வளையல்கள் முழங்கை வரைக்கும் தாமாக ஏறின. கிணற்றில் வாளியை விட்டால் பாதியில் கயிறு நழுவியது. பிள்ளையை யாராவது எடுத்து மடியில் போட்டால்தான் உண்டு. அவன் தூக்கச் சொல்லிக் கை நீட்டும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். நோய் போய்விட்டது, சதைதான் கரைந்திருக்கிறது, சத்தாகச் சாப்பிட்டுக் கைகால்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுத்தால் வலு திரும்பும் என்றார். வரும் வழியெல்லாம் என் கணவர் யோசனையாகவே வந்தார்.

அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தினமும் விடிந்ததும் டவுனிலிருந்த தேகப்பயிற்சி சாலைக்குப் போய் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுற்றிவிட்டு வருவார். புஜம் தெரிய முண்டா பனியன் போடுவதில் அவருக்கு ஒரு பெருமை. பெண்பிள்ளைக்கு யார் இதையெல்லாம் சொல்லித்தருவார்கள்? அவரே சொல்லித்தந்தார். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, மார்பு சுவரைத் தொடும்வரை சாய்ந்து, பிறகு தள்ளி எழவேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழவேண்டும். பழைய துணியில் இரண்டு சிறிய பைகள் தைத்து, மணல் நிரப்பி, கைக்கொன்றாகத் தூக்கச் சொன்னார். என் மாமியார் கிணற்றடியில் இருக்கும் நேரம் பார்த்து, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். முதல் நாட்களில் சுவரைத் தள்ளவே கை நடுங்கியது.

ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. திரும்பினால் அத்தை நிற்கிறார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் மணல் பையோடு நான். என்ன இது என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"பிள்ளையத் தூக்க முடியல அத்தை," என்றேன்.

அவர் திரும்பிக் கிணற்றடிக்கே போய்விட்டார். அன்று பகல் முழுவதும் நான் பயந்துகொண்டே இருந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கோழிகள் இருந்தன. முட்டை என்றால் அது என் கணவருக்கு. ஊறவைத்த கொண்டைக்கடலையும் அவருக்குத்தான். நானும் அத்தையும் கடைசியில் உட்கார்ந்து, மிஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுவோம். அதை யாரும் கொடுமையாக நினைத்ததில்லை, நானும்தான்.

மறுநாள் காலை என் கணவர் பயிற்சி முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அத்தை எனக்கும் ஒரு தட்டு எடுத்துப் போட்டு, அவித்த முட்டையை உரித்து அதில் வைத்தார். கடலையில் பாதியையும் தள்ளினார். மகன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ திங்கிறது அழகுக்குப்பா. அவ திங்கிறது பிள்ளையத் தூக்க," என்றார் அத்தை. பிறகு என்னிடம், "உக்காரு ஆத்தா. ஆறிப்போகும்," என்றார்.

கணவருக்கு முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்துவிட்டார். அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. குனிந்தபடியே முட்டையைப் பிட்டுத் தின்றேன். அதன்பின் கேழ்வரகுக் கூழ், முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை என்று அத்தை எனக்கென்று எடுத்துவைப்பார். தன் பேறுகாலத்தில் வெறும் நீராகாரத்தோடு நெல் குத்தப் போனதை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் பயறை இரண்டு கிண்ணத்தில் வைத்தேன். எனக்கெதற்கு என்று தள்ளினார். நீங்கள் சாப்பிடாவிட்டால் நானும் தொடமாட்டேன் என்றதும்தான் எடுத்தார்.

வலு ஒரே நாளில் வரவில்லை. ஒரு வாரம் முன்னேறினால் அடுத்த வாரம் பின்வாங்கும். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் வாளி மேலே வந்தது. ஒரு சாயங்காலம் பிள்ளை கை நீட்டினான். யோசிக்காமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

அடுத்த ஆண்டு அவனுக்கு முடியிறக்க விராலிமலைக்குப் போனோம். படியடியில் என் நாத்தனார் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார், நோயில் கிடந்தவள் என்று. அத்தை என் மேல்கையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"விடு, அவளே தூக்கி வரட்டும்," என்றார்.

நல்ல கனம் அவன். வழியில் மயிலைப் பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டே வந்தான். பாதி மலையில் அத்தைக்கு மூச்சு வாங்கியது. பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் இருத்திக்கொண்டு மறு கையை நீட்டினேன். அத்தை அதை இறுகப் பற்றிக்கொண்டு ஏறினார்.